யானைக்கவுனி மாடியில ஒரு ஆனைக்கற்றாழை: வளர்ப்பதும், கொல்லாமல் இருப்பதும்



செடி வளர்க்கிறதைப் பத்தி எழுதச் சொன்னாங்க. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இந்தக் கட்டுரையை எழுதுறது ஒரு செடியைக் கொன்ன ஆள். அதுவும் சாதாரணச் செடி இல்ல. 2019 தண்ணிப் பஞ்சத்துல சொட்டுத் தண்ணி இல்லாம தப்பிச்ச செடி. அதைத் தண்ணி ஊத்தியே கொன்னேன். அந்தத் தப்பை நீங்க பண்ணக் கூடாதுன்னுதான் இவ்வளவு எழுதுறேன்.

எங்க வீடு யானைக்கவுனி. ஒரு பக்கம் வால்டாக்ஸ் ரோடு, இன்னொரு பக்கம் சவுக்கார்பேட்டை, நடுவுல சென்ட்ரலுக்குப் போற தண்டவாளம். வெள்ளைக்காரன் காலத்துல கறுப்பர் நகரத்தைச் சுத்தி மதில் கட்டினப்போ வச்ச வாசல்கள்ல ஒண்ணுதான் யானைக்கவுனி. கவுனின்னா கோட்டை வாசல். அந்த மதில் செலவுக்கு வரி போட நினைச்சாங்க, அதுலதான் 'வால் டாக்ஸ்'னு பேர் வந்தது. இப்போ மதில் இல்ல, யானை இல்ல. எங்க மொட்டை மாடியில மட்டும் ஒரு 'ஆனை' இருந்தது. ஆனைக்கற்றாழை.

அது எங்க ஆயாவோடது. மல்லி, துளசி, ரெண்டு ரோஜா, ஒரு கருவேப்பிலை, எல்லாத்துக்கும் பின்னாடி தண்ணித் தொட்டி ஓரமா அந்த முள்ளுச் செடி. 2019-ல நான் ஒன்பதாவது சேர்ந்தேன். அந்த ஜூன் மாசம் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வறண்டு கிடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்ல 25 லட்சம் லிட்டர் தண்ணியோட முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. குடிக்கவே லாரிக்குக் குடத்தோட நின்ன நேரத்துல செடிக்கு யார் ஊத்துவாங்க? மல்லி முதல்ல போச்சு. அப்புறம் ரோஜா. கருவேப்பிலை குச்சியா நின்னுச்சு. ஆனைக்கற்றாழை மட்டும் இலையைக் கொஞ்சம் உள்பக்கமா மடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுச்சு. மழை வந்ததும் மறுபடி விரிஞ்சது.

"அத்த உட்டுடு கண்ணு, அது தன்னைத் தானே பாத்துக்கும்" என்று ஆயா சொல்லும். நான் பன்னிரண்டாவது படிக்கும்போது ஆயா போயிட்டாங்க. அதுக்கப்புறம் அந்தச் செடியை நான் நல்லா பாத்துக்கணும்னு முடிவு பண்ணினேன். தினமும் காலையில ஒரு சொம்பு தண்ணி. தொட்டிக்கு அடியில தரை நனையக் கூடாதுன்னு ஒரு பிளாஸ்டிக் தட்டு. வேகமா வளரட்டும்னு உரம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் மழை ஓய்ஞ்சு மாடிக்குப் போய்ப் பாத்தேன். தட்டு நிறைய தண்ணி. நடுக்குருத்தைத் தொட்டதும் கையோட வந்துடுச்சு. அடியில ஒரு அழுகல் நாத்தம்.

பாட்டி செடியைக் காப்பாத்த முடியல. ஆனா பக்கத்துல மூணு கன்று இருந்தது. அதுல ரெண்டு இன்னைக்கும் உயிரோட இருக்கு. எப்படின்னு இனி பாக்கலாம்.

1. முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கோங்க

தமிழ்ல கற்றாழைன்னு சொன்னா ரெண்டு வேற வேற குடும்பத்து ஆளுங்க சேர்ந்து வருவாங்க. முகத்துல தடவுற சோற்றுக்கற்றாழை அரேபியா, ஆப்பிரிக்கா பக்கத்துச் செடி. ஆனைக்கற்றாழை அமெரிக்கக் கண்டத்துச் செடி, முக்கியமா மெக்சிகோ. தாவரவியல்ல இதுக்கு 'அகாவே'ன்னு பேர். 'மேன்மையானது'ங்கிற பொருள் வர்ற கிரேக்கச் சொல்லிலிருந்து 1753-ல் லின்னேயஸ் வச்சது. நம்ம ஊர் ஆனைக்கற்றாழை 'அகாவே அமெரிக்கானா'. மிளகாய், கொய்யா, உருளைக்கிழங்கு மாதிரி இதுவும் ஐரோப்பியர் கப்பல் வழியா இந்தியாவுக்கு வந்து, அப்புறம் நம்ம ஊர்க்காரனாவே ஆயிடுச்சு.

வித்தியாசம் கண்டுபிடிக்க இலையை உடைச்சுப் பாருங்க (கையுறை போட்டுக்கிட்டு). சோற்றுக்கற்றாழை 'சட்'டுனு உடையும், உள்ளே கண்ணாடி மாதிரி சோறு. ஆனைக்கற்றாழை லேசுல உடையாது, உடைச்சாலும் நார் நாரா தொங்கும். ஓரத்துல கொக்கி முள், நுனியில ஊசி. சோற்றுக்கற்றாழை வருஷா வருஷம் பூக்கும். இது ஆயுசுக்கு ஒரு தடவைதான் பூக்கும்.

இந்த வித்தியாசம் தெரியாம இருந்தா ஆபத்து. அகாவே சாறுல கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கு. தோல்ல பட்டா எரிச்சல், தடிப்பு, சில பேருக்குக் கொப்புளம். அதனால ஃபேஸ்பேக், ஜூஸ் எதுக்கும் இதைத் தொடாதீங்க.

நர்சரியில என்ன வாங்கலாம்? இடம் இருந்தா ஆனைக்கற்றாழை, ஆனா ரெண்டு மீட்டர் அகலத்துக்கு விரியும்னு தெரிஞ்சு வாங்குங்க. தொட்டியில வளர்த்தா வேர் அடங்கி, அளவும் அடங்கும். மஞ்சள் ஓரம், வெள்ளை ஓரம் போட்ட வகைகளும் கிடைக்கும். வீட்டுல சின்னப் பசங்க இருந்தா 'அகாவே அட்டெனுவாட்டா' வாங்குங்க. அதுக்கு முள்ளே கிடையாது, இலை மிருதுவா இருக்கும், அரை நிழலும் போதும்.

2. ராத்திரியில மூச்சு விடுற செடி

எல்லாச் செடிக்கும் ஒரே சிக்கல். சாப்பாட்டுக்குக் கார்பன் டை ஆக்சைடு வேணும், அதுக்கு இலைத்துளையைத் திறக்கணும். திறந்தா உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகிடும். மே மாச மத்தியான வெயில்ல ஜன்னலைத் திறந்து வச்சு ஏசி போடுற மாதிரி.

அகாவே இதுக்கு ஒரு வழி வச்சிருக்கு. பகல்ல துளையை மூடிடும். ராத்திரி வெயில் தணிஞ்சதும் திறந்து, கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமா மாத்தி, செல்லுக்குள்ள இருக்கிற பையில சேர்த்து வச்சுக்கும். காலையில துளையை மூடிட்டு, அந்த அமிலத்தை உடைச்சு, சூரிய ஒளியில சமையல் பண்ணும். ராத்திரி கொள்முதல், பகல்ல உற்பத்தி. இதுக்கு 'கிராசுலேசிய அமில வளர்சிதைமாற்றம்'னு பேர், சுருக்கமா 'கேம்'.

கணக்கு பாருங்க. ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுக்க நெல் மாதிரி செடி 400 முதல் 500 கிராம் தண்ணியை ஆவியா விடும். கரும்பு, மக்காச்சோளம் வகை 250 முதல் 300 கிராம். கேம் செடி 50 முதல் 100 கிராம். அதாவது நெல்லுக்கு ஆகுற செலவுல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கோ அதுக்கும் கீழேயோ.

இந்த விஷயத்துல நம்ம ஊருக்கும் ஒரு பங்கு இருக்கு. பெஞ்சமின் ஹேய்ன்னு ஒருத்தர், சென்னை மாகாணத்துல கம்பெனிக்குத் தாவரவியலாளரா இருந்தவர், 1819-ல் சென்னையிலேயே இறந்தவர். ரணகள்ளி தெரியும்ல, இலையைப் போட்டா ஓரத்துல குட்டி முளைக்குமே, அந்தச் செடியோட இலை விடிகாலையில புளிக்குது, மத்தியானம் சப்புன்னு இருக்குன்னு கவனிச்சு 1813-ல் லண்டன் லின்னேயன் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். கேம் பத்தின ஆரம்பக் குறிப்புகள்ல அது ஒண்ணு. ராத்திரி சேர்ந்த அமிலம்தான் அந்தப் புளிப்பு. நீங்க வாயில வச்சுப் பாக்க வேண்டாம், அந்தச் செடியில நஞ்சும் இருக்கு. லேப்ல கேட்டு ரெண்டு பிஹெச் தாள் வாங்கி, காலை 6 மணிக்கு ஒரு இலை, மாலை 4 மணிக்கு ஒரு இலை கசக்கித் தேய்ச்சுப் பாருங்க. நிறம் மாறும்.

இதுலேர்ந்து நமக்கு வேண்டிய பாடம் ரெண்டு. ஒண்ணு, இது சிக்கனமான செடி, தினமும் தண்ணி கேக்காது. ரெண்டு, சிக்கனமா வாழுற செடி மெதுவாத்தான் வளரும். யூரியா போட்டு அவசரப்படுத்தினா இலை கொழகொழன்னு பருத்து, பூச்சிக்கும் அழுகலுக்கும் சாப்பாடாகும்.

3. சென்னையில இது எப்போ சாகும்?

மே மாசம்னு நினைப்பீங்க. இல்ல. நவம்பர், டிசம்பர்ல.

சென்னைக்கு வருஷத்துக்குச் சராசரியா 1,400 மி.மீ. மழை. அதுல பாதிக்கும் மேல அக்டோபர்லேர்ந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். மெக்சிகோவோட வறண்ட மலைச்சரிவுல வளர்ந்த செடிக்கு இந்த மூணு மாசம்தான் பரீட்சை.

30 செ.மீ. விட்டம் உள்ள தொட்டியை எடுத்துக்கோங்க. வாய்ப்பரப்பு சுமார் 707 சதுர செ.மீ. ஒரு நாள்ல 10 செ.மீ. மழை பெஞ்சா அந்தத் தொட்டிக்குள்ள விழுறது 7 லிட்டர். கோடையில எட்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு லிட்டர் ஊத்துறோம்னு வச்சா, 7 லிட்டர்ங்கிறது 56 நாள் தண்ணி. ரெண்டு மாச ரேஷன் ஒரே நாள்ல! அதுவும் இலை ஒவ்வொண்ணும் வாய்க்கால் மாதிரி குழிஞ்சு நடுக்குருத்தைப் பாத்துச் சரிஞ்சிருக்கும். தொட்டியைத் தாண்டி விரிஞ்ச இலையில விழுற மழையும் உள்ளேதான் வரும். பாலைவனத்துல தூறலைக் கூட வேருக்குக் கொண்டு போற அந்த ஏற்பாடே நம்ம ஊர் புயல் மழையில செடிக்கு எதிரி.

மண்ணுல தண்ணி நின்னா இடுக்குல இருக்கிற காத்து வெளியே போயிடும். வேருக்கு ஆக்சிஜன் இல்ல. வேர் சாகும், பூஞ்சை ஏறும், அழுகல் தண்டு வரைக்கும் போகும். வெளியில தெரியறதுக்குள்ள உள்ளே எல்லாம் முடிஞ்சிருக்கும். என் செடிக்கு நடந்தது இதுதான்.

4. தொட்டியும் மண்ணும்: இன்ஜினியர் மாதிரி யோசிங்க

தொட்டி: மண்தொட்டி. சுவர் வழியாவும் ஈரம் ஆவியாகும். இந்தச் செடியோட வேர் ஆழத்துக்குப் போறதை விடப் பக்கவாட்டுல பரவும், அதனால ஆழத்தை விட அகலம் முக்கியம். அடியில ஓட்டை கட்டாயம். ஓட்டை மேல உடைஞ்ச ஓடு ஒண்ணு கவுத்து வைங்க, மண் அடைக்காம இருக்கும். தட்டு வைக்காதீங்க. தட்டுல தண்ணி தேங்கினா வேரும் அழுகும், கொசுவும் முட்டை வைக்கும்.

"அடியில ஜல்லி போட்டா தண்ணி நல்லா வடியும்"னு எல்லா யூடியூப் வீடியோவுலயும் சொல்வாங்க. வடியாது. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நுண்புழை ஏற்றம் படிச்சோமே, அதை இங்கே போடுங்க. ஏற்றத்தோட உயரம் குழாயோட ஆரத்துக்கு எதிர்விகிதம். 0.1 மி.மீ. ஆரமுள்ள இடுக்கு தண்ணியை ஏறக்குறைய 15 செ.மீ. வரைக்கும் பிடிச்சு வச்சுக்கும். 1 மி.மீ. ஆரமுள்ள இடுக்கு ஒன்றரை செ.மீ.தான் பிடிக்கும். பொடி மண்ணுக்குக் கீழே ஜல்லி போட்டா, மேல் மண்ணு தன் இடுக்குல பிடிச்ச தண்ணியை ஜல்லிக்கு விடாது. ஈரம் நிக்கிற இடம் தொட்டி அடியிலேர்ந்து வேர் பக்கமா மேல ஏறும், அவ்வளவுதான். ஜல்லியைத் தனி அடுக்கா போடாம மொத்த மண்ணுலயும் கலந்துடணும். எல்லா இடுக்கும் பெருசாகணும்.

நான் போடுற கலவை:

- செம்மண் அல்லது தோட்ட மண் 1 பங்கு
- கழுவிய எம்-சாண்ட் அல்லது ஆத்து மணல் 1 பங்கு
- உடைச்ச செங்கல் துண்டு அல்லது கால் அங்குல ஜல்லி 1 பங்கு
- மண்புழு உரம் ஒரு கைப்பிடி, அதுக்கு மேல வேண்டாம்

எம்-சாண்டை அப்படியே போடாதீங்க. அதுல கல்தூள் நிறைய இருக்கும், நனைஞ்சா சிமென்ட் மாதிரி இறுகும். பக்கெட்டுல போட்டு ரெண்டு மூணு தடவை அலசி, கலங்கல் தண்ணியைக் கொட்டிடுங்க. பூசு வேலைக்கு வர்ற பி-சாண்ட் இன்னும் பொடி, அது வேணவே வேணாம். தேங்காய் நார்க்கழிவுத் தூளையும் தவிர்த்துடுங்க. ரோஜாவுக்கு நல்லது, இதுக்கு ஆகாது, ஈரத்தை விடவே விடாது. கடற்கரை மணலும் வேணாம், உப்பு. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவங்க "வாசல்லயே மணல் இருக்கே"ன்னு அள்ளிடாதீங்க. உப்புக்காத்தை இந்தச் செடி ஓரளவு தாங்கும், அதுக்காக வேரையே உப்புல நடக் கூடாது.

சோதனை: தொட்டி நிறைய கலவை போட்டு ஒரு லிட்டர் ஊத்துங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள அடியில சொட்ட ஆரம்பிச்சா சரி. மேலயே குட்டை மாதிரி நின்னா மணலையும் ஜல்லியையும் கூட்டுங்க.

சிவில் பசங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தொட்டி நனைஞ்சா 25 கிலோவைத் தாண்டும். எங்க ஏரியாவுல பழைய வீடுகளுக்கு மெட்ராஸ் டெரஸ்தான், மர உத்தரத்து மேல செங்கலை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரை. அதுக்கு நடுவுல பத்து தொட்டியை வரிசையா வைக்காதீங்க. சுவர் வர்ற இடத்து மேல, ஓரமா வைங்க. அடியில மூணு செங்கல் துண்டு கொடுத்துத் தூக்கி வச்சா ஓட்டையும் அடைக்காது, கூரையும் காயும்.

5. கன்று பிரிச்சு நடுறது

இந்தச் செடியை விதை போட்டு வளர்க்க வேண்டியதே இல்ல. தாய்ச்செடி அடியில பக்கக்கன்று வந்துக்கிட்டே இருக்கும். யார்கிட்டயாவது இருந்தா கேளுங்க, சந்தோஷமா கொடுப்பாங்க. முள் குத்துற தொல்லை ஒண்ணு குறையுமே!

1. ஒரு சாண் உயரம் வந்த கன்றா பாத்துக்கோங்க. ரொம்பச் சின்னதுல சொந்த வேர் இருக்காது.
2. சுத்தி மண்ணை விலக்கி, தாயோட சேர்ற தண்டைக் கண்டுபிடிச்சு, சுத்தமான கத்தியால ஒரே வெட்டு.
3. வெட்டின கன்றை நிழல்ல, காத்தோட்டமான இடத்துல, அஞ்சு நாள்லேர்ந்து ஒரு வாரம் சும்மா போடுங்க. வெட்டு வாய் காஞ்சு தோல் கட்டணும்.
4. அப்புறம் காஞ்ச கலவையில நடுங்க. தண்டு புதையக் கூடாது, வேர் மட்டும் உள்ளே. சாயாம இருக்க ரெண்டு கல்லை முட்டுக் கொடுங்க.
5. நட்டு ஒரு வாரம் கழிச்சு முதல் தண்ணி. ஒரு மாசம் அரை நிழல். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கு நகர்த்துங்க.

மூணாவது படிதான் எல்லாருக்கும் கஷ்டம். வேரோட பிடுங்கின கன்றைத் தரையில போட்டுட்டுச் சும்மா இருக்க மனசு வராது. எனக்கும் வரல. ஆயாவோட மூணு கன்றுல முதல் கன்றை அன்னைக்கே நட்டு, அன்னைக்கே தண்ணி ஊத்தினேன். பத்து நாள்ல வெட்டு வாய் வழியா அழுகிடுச்சு. மத்த ரெண்டையும் பழைய செய்தித்தாள் மேல ஒரு வாரம் போட்டு வச்சேன். அதுங்கதான் பொழைச்சது.

6. வருஷம் முழுக்க என்ன பண்ணணும்?

ஏப்ரல் – ஜூன்: 8 முதல் 10 நாளைக்கு ஒரு தடவை தண்ணி. ஊத்தினா அடியில வடியுற வரைக்கும் ஊத்துங்க, அப்புறம் நல்லா காயுற வரைக்கும் தொடாதீங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா தெளிக்கிறது தப்பு. வேர் மேலாகவே நின்னுடும்.

ஜூலை – செப்டம்பர்: சாயங்கால மழை அப்பப்போ வரும். மழை பெஞ்சா அந்த வாரம் தண்ணி கட். கன்று பிரிக்கவும் தொட்டி மாத்தவும் ஜூலை நல்ல மாசம், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி வேர் பிடிச்சுடும்.

அக்டோபர் – டிசம்பர்: சொம்பை ஒளிச்சு வைங்க. தொட்டியைச் சன்ஷேடு அடியில நகர்த்துங்க, வெளிச்சம் படணும், மழை படக் கூடாது. நகர்த்த முடியாத பெரிய தொட்டின்னா ஒரு பக்கம் செங்கல் வச்சுச் சாய்ச்சு வைங்க, குருத்துல தண்ணி நிக்காது.

ஜனவரி – மார்ச்: ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. பிப்ரவரியில ஒரு கைப்பிடி மண்புழு உரம். வருஷத்துக்கு அவ்வளவுதான் சாப்பாடு.

காஞ்சிருக்கான்னு எப்படிப் பாக்குறது? தென்னந்துடைப்பத்துல ஒரு ஈர்க்குச்சியை உருவி, மண்ணுல ஒரு விரல் நீளத்துக்கு ரெண்டு மடங்கு குத்தி, அஞ்சு நிமிஷம் கழிச்சு எடுங்க. மண்ணு ஒட்டினா ஈரம் இருக்கு, வேணாம். சுத்தமா வந்தா ஊத்தலாம். ஹாஸ்டல் பசங்க சின்னத் தொட்டியைத் தூக்கிப் பாத்தே சொல்லிடலாம்.

வெயில் தினமும் ஆறு மணி நேரமாவது வேணும். ஆனா நர்சரி நிழல்வலைக்கு அடியில இருந்ததை வாங்கிட்டு வந்து நேரா மே வெயில்ல வச்சா இலை வெந்து வெள்ளைத் திட்டு விழும். ரெண்டு வாரம் பழக்குங்க. எண்ணூர், மணலி பக்கம் இருக்கிறவங்களுக்கு இலை மேல கரித்தூசி படியும். அதை மாசத்துக்கு ஒரு தடவை ஈரத் துணியால துடைங்க, மேலேர்ந்து ஊத்திக் கழுவாதீங்க.

7. செடி பேசுறது புரியணும்

இலை மெலிஞ்சு, சுருக்கம் விழுந்து, உள்பக்கமா மடிஞ்சா: தாகம். ஒரு நல்ல தண்ணி, ரெண்டு நாள்ல நிமிரும். இது அவசர நிலை இல்ல.

அடி இலை ஒண்ணு ரெண்டு மட்டும் மெதுவா காஞ்சா: வயசு. கவலை வேணாம்.

இலை மஞ்சளாகி, கொழகொழன்னு, நாத்தத்தோட இருந்தா: அழுகல். இதுதான் அவசர நிலை. உடனே தொட்டியைக் கவுத்து, கறுத்த வேரையும் தண்டையும் வெள்ளைத் தசை தெரியுற வரைக்கும் வெட்டி எறிங்க. ஒரு வாரம் நிழல்ல காயட்டும், புது மண்ணுல நட்டு, பத்து நாளைக்குத் தண்ணி கிடையாது. குருத்தே கையோட வந்துட்டா தாயை விட்டுடுங்க, கன்றைக் காப்பாத்துங்க.

இலையிடுக்குல வெள்ளைப் பஞ்சு: மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கிற சோப்புக் கரைசல், நல்லாக் கலக்கி, வெயில் இறங்கினதும் தெளிங்க. வாரம் ஒரு தடவை, மூணு வாரம்.

மழைக்காலத்துல வட்டவட்டமா கறுப்புப் புள்ளி: பூஞ்சை. அந்த இலையை வெட்டுங்க, காத்தோட்டம் கொடுங்க.

இலை முதுகுல பல் பதிஞ்ச மாதிரி வரிவரியா கோலம் தெரியுதா? அது நோய் இல்ல. குருத்துல ஒண்ணை ஒண்ணு இறுக்கிக்கிட்டு இருந்தப்போ பக்கத்து இலையோட முள் பதிஞ்ச அச்சு. விரிஞ்ச பிறகும் அழியாது.

8. முள்ளோட விளையாடாதீங்க

நுனி ஊசி கண் உயரத்துல வராத மாதிரி வைங்க. படிக்கட்டு, துணிக்கொடி, பசங்க பந்து விளையாடுற இடம் மூணுக்கும் தூரம். நெயில் கட்டரால ஊசி நுனியை மட்டும் ரெண்டு மி.மீ. வெட்டி விடலாம், செடிக்கு ஒண்ணும் ஆகாது. கன்று பிரிக்கும்போது ஒர்க்‌ஷாப் கண்ணாடியும் கெட்டிக் கையுறையும் கட்டாயம், முழுக்கைச் சட்டையும். சாறு பட்டா சோப்புப் போட்டுக் கழுவுங்க, கையைக் கண்ணுல வைக்காதீங்க.

9. வேலியும் கயிறும்

எங்க தெருப் பெருசுங்க இதை 'ரயில் கத்தாழை'ன்னும் சொல்லுவாங்க. இந்தியாவுல தண்டவாளம் போட ஆரம்பிச்ச காலத்துல ஆடுமாடு உள்ளே வராம இருக்க ஓரமா நட்ட உயிர்வேலிகள்ல அகாவே முக்கியமானது. தண்ணி கேக்காது, ஆடு கடிக்காது, தானே கன்று போட்டு இடைவெளியை அடைச்சுக்கும். தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி கிளம்பினது நம்ம ராயபுரத்திலேர்ந்துதான். வாலாஜா ரோடு வரைக்கும்.

இதோட தம்பி 'அகாவே சிசலானா'. மெக்சிகோவுல யுகத்தான் கரையில சிசால்னு ஒரு துறைமுகம், அங்கேர்ந்து நார் ஏத்துமதியானதால நாருக்கே சிசால்னு பேர். இலையோட எடையில நார் நூத்துக்கு நாலு பங்குதான் தேறும். அதுக்கே உலகம் முழுக்கக் கப்பல் கயிறு, மூட்டைக் கயிறுன்னு ஓடுச்சு. அப்புறம் நைலானும் பாலிப்ரொப்பிலீனும் வந்து இடத்தைப் பிடிச்சது. காசிமேட்டுல இன்னைக்குப் படகு கட்டுற கயிறைப் பாருங்க, எல்லாம் கலர் கலரா பிளாஸ்டிக். ஆனா நார் முழுசா போயிடல. ஒர்க்‌ஷாப்ல மெட்டல் பாலிஷ் போடுற சக்கரங்கள்ல சிசால் சக்கரம் உண்டு. டார்ட் போர்டு சிசால்தான். கண்ணாடி இழையோட அடர்த்தி சுமார் 2.5, சிசால் சுமார் 1.45, அதனால எடை குறைஞ்ச கலப்புப் பொருள் ஆராய்ச்சியில இதுக்கு இடம் இருக்கு. ஒடிசாவுல பாம்ராங்கிற ஊர்ல சிசாலுக்குன்னே மத்திய அரசோட ஆராய்ச்சி நிலையம் இருக்கு. மெக்கானிக்கல் மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடினா இதையும் பாருங்க.

10. ஒரே ஒரு பூ

இந்தச் செடிக்கு இங்கிலீஷ்ல 'நூற்றாண்டுச் செடி'ன்னு பேர். நூறு வருஷமெல்லாம் ஆகாது. பத்துலேர்ந்து முப்பது வருஷத்துல ஒரு நாள் நடுவுலேர்ந்து ஒரு தண்டு கிளம்பும். அவ்வளவு வருஷம் இலையில சேர்த்து வச்ச எல்லாத்தையும் அதுல போட்டு, சில மாசத்துல வீட்டு மாடியைத் தாண்டுற உயரத்துக்கு ஏறிப் பூக்கும். பூத்து முடிஞ்சதும் தாய்ச்செடி சாகும். அதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேணாம். அதுக்குள்ள அடியில கன்றுகள் தயாரா நிக்கும். தொட்டியில இருக்கிறது பூக்க இன்னும் நாள் எடுக்கும், பூக்காமலே கூட இருக்கும்.

ஆயாவோட செடி பூக்கிறதைப் பாக்க எனக்குக் கொடுத்து வைக்கல. அதைத் தண்ணி ஊத்தாம விட்டிருந்தா ஒருவேளை பாத்திருப்பேன். "அத்த உட்டுடு கண்ணு"ன்னு ஆயா சொன்னது அக்கறை இல்லாம சொன்னதுன்னு அப்போ நினைச்சேன். அந்தச் செடிக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுதான் சொல்லியிருக்காங்க.

இப்போ ரெண்டு கன்றும் ரெண்டு தொட்டியில, சுவர் ஓரமா, மூணு செங்கல் மேல உக்காந்திருக்கு. தட்டு கிடையாது. மாடியிலேர்ந்து பாத்தா தண்டவாளமும், இடிச்சுட்டுப் புதுசா கட்டின யானைக்கவுனிப் பாலமும் தெரியும். போன மாசம் பெரிய கன்றோட அடியில ஒரு புது முனை எட்டிப் பாத்தது. ஒரு சாண் வர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்.

அது வந்ததும், வெட்டி, ஒரு வாரம் செய்தித்தாள்ல காய வச்சு, உங்கள்ல யாருக்காவது தரலாம்னு இருக்கேன். முதல்ல கேக்குறவங்களுக்கு முதல் கன்று. ஒரே ஒரு நிபந்தனை: தினமும் தண்ணி ஊத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணணும்.